நீரால் விளைந்த பாலை

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



நிலமும் பொழுதும் முதற்பொருள் என்று வகுத்தார் தொல்காப்பியர். எந்தப் பாட்டும் ஏதேனும் ஒரு நிலத்தில் கால் ஊன்றியே நிற்கும் என்பது தமிழ்க் கவிதையின் அடிப்படை. அந்த நிலமே ஒரு நாள் இல்லாமற் போனால் பாட்டு எங்கே கால் ஊன்றும்? இவ்வினா வெறும் கற்பனையில் எழுந்ததன்று. இருபதாம் நூற்றாண்டுத் தமிழகத்தில் அணைகளின் நீர்ப்பரப்புக்குள் மறைந்த ஊர்கள் பல. வயலும் வீடும் கோயிலும் சுடுகாடும் விட்டு அவ்வூர் மக்கள் வெளியேறினர். அணையால் விளைந்த நன்மை பள்ளிப் பாடநூல் முதல் மேடைப் பாட்டு வரை போற்றப்பட்டது. இழந்தவர் கதையோ மிகக் குறைவாகவே எழுதப்பட்டது. அவ்விழப்பின் இயல்பு யாது, அதனை அளக்கத் தமிழ் மரபில் அளவுகோல் உண்டா, இன்றைய கவிஞருக்கு அதில் என்ன பொறுப்பு என்பனவற்றை ஆராய்வதே இவ்வுரையின் நோக்கம்.

ஆலங்குடியில் ஏன் இப்பேச்சு?

அணையொன்றும் இல்லாத ஆலங்குடியில் அணையைப் பற்றிப் பேசுவானேன் என்று ஒருவர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. புதுக்கோட்டை சமஸ்தானத்தின் மூன்று வட்டங்களுள் ஒன்றாக இருந்தது ஆலங்குடி. செம்மண் பூமி, ஏரியும் குளமும் வான்மழையும் காத்த பூமி, பின்னாளில் ஆழ்குழாய்க் கிணறுகளை நம்பிய பூமி. பெரிய ஆற்றின் தலைமடையும் இங்கில்லை. பெரிய நீர்த்தேக்கமும் இங்கில்லை.

ஆயினும் இம்மாவட்டத்துக்கும் பேரணைக்கும் நெருங்கிய உறவு உண்டு. மேட்டூர்த் திட்டத்தின் ஓர் அங்கமாக வெட்டப்பட்டதே கல்லணைக் கால்வாய். புதாறு என்று மக்கள் வழங்கும் அக்கால்வாய், கல்லணையிலிருந்து தஞ்சை, ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணி வழியே சுமார் 149 கிலோமீட்டர் ஓடி, அறந்தாங்கிச் சீமையில் மும்பாலை ஏரியில் முடிகிறது. புதுக்கோட்டை மாவட்டத்தின் கடைமடை உழவர் ஒவ்வோர் ஆண்டும் சூன் 12ஆம் நாளை எதிர்நோக்குவது இந்த உறவினால்தான். மேட்டூரில் மதகு திறந்தால் மும்பாலையில் மனம் குளிர்கிறது.

இரண்டாவது உறவு அண்மைக் காலத்தது. காவிரியின் வெள்ள நீரை வைகைக்கும் குண்டாற்றுக்கும் கொண்டு செல்லும் இணைப்புக் கால்வாய்த் திட்டத்துக்கு 2021 பிப்ரவரி 21ஆம் நாள் இம்மாவட்டத்துக் குன்னத்தூரில் அடிக்கல் நாட்டப்பட்டது. கரூர் மாவட்டம் மாயனூரில் தொடங்கி ஏறத்தாழ 262 கிலோமீட்டர் செல்வதாகத் திட்டமிடப்பட்ட அக்கால்வாயின் முதற்கட்டம், புதுக்கோட்டை மாவட்டத்துத் தெற்கு வெள்ளாறு வரை நீள்வது. நீருக்கு ஏங்கிய மண்ணுக்கு அது நற்செய்தி. அதே வேளையில், கால்வாய் செல்லும் கோட்டில் நிலம் உள்ளவருக்கு அது வேறு செய்தி.

மூன்றாவது உறவு அச்சத்தின் உறவு. ஆலங்குடி வட்டத்து நெடுவாசலில் 2017ஆம் ஆண்டு ஐதரோகார்பன் திட்டத்தை எதிர்த்து மக்கள் திரண்டதை இவ்வவையில் எவரும் மறந்திருக்க இயலாது. அது அணைத் திட்டமன்று. ஆயினும் 'இந்த மண் கையை விட்டுப் போய்விடுமோ' என்ற அச்சம் எத்தகையது என்பதை இவ்வட்டாரம் அப்போது அறிந்தது. மறு ஆண்டு நவம்பரில் கஜா புயல் தென்னையையும் பலாவையும் வேரோடு சாய்த்தபோது, நட்டு வளர்த்த மரத்துக்கு விலை வைத்தல் எவ்வளவு கடினம் என்பதையும் அறிந்தது. ஆகவே இடம்பெயர்ந்தோர் துயரத்தை உணரத்தக்க செவி ஆலங்குடிக்கு உண்டு.

நீர் தேக்கிய அறம்

நீரைத் தேக்குவதைத் தமிழ் மரபு அறமாகவே போற்றியது. புறநானூற்றின் 18ஆம் பாட்டில் குடபுலவியனார், நிலம் குழிந்த இடத்தில் நீரைத் தேக்கும் மன்னனே புகழ் நிறுத்துவான் என்று பாண்டியன் நெடுஞ்செழியனுக்கு அறிவுறுத்துகிறார். கல்லணையைக் கரிகாலனோடு இணைத்துப் போற்றுவது வழிவழி மரபு. இந்த மரபில் வந்தோர் அணையைப் பழிக்க இயலாது, பழிப்பது முறையுமன்று.

எனினும் ஏரிக்கும் பேரணைக்கும் இடையே உள்ள வேறுபாடு ஒன்று இங்கு நோக்கத்தக்கது. ஊர் ஏரியின் நீர்ப்பிடிப்பில் நிலம் கொடுத்தவரும், அதன் மடையில் நீர் பாய்ச்சியவரும் பெரும்பாலும் ஒரே ஊரார். அல்லது அடுத்தடுத்த ஊரார். இழந்தவர் யார் என்பது பெற்றவருக்குத் தெரியும். கோயில் திருவிழாவில் இருவரும் ஒரே வடம் பிடிப்பர். பேரணையில் இந்த அண்மை அற்றுப் போகிறது. மேட்டூர் நீர்த்தேக்கத்தில் வீடு இழந்தவருக்கும் மும்பாலையில் நாற்று நடுபவருக்கும் இடையே ஆற்றுவழித் தொலைவு முந்நூறு கிலோமீட்டருக்கு மேல். ஒருவர் முகத்தை மற்றவர் பார்த்ததில்லை. நன்றி சொல்ல ஆளும் இல்லை. கடன் கேட்க ஆளும் இல்லை. இத்தொலைவே இழந்தவர் கதை பாடப்படாமற் போனதற்கு முதற் காரணம் எனலாம்.

மேட்டூரின் இரு முகங்கள்

1924ஆம் ஆண்டு மைசூர் அரசுக்கும் சென்னை மாகாண அரசுக்கும் இடையே காவிரி ஒப்பந்தம் கையெழுத்தானது. 1925இல் மேட்டூர் அணைப் பணி தொடங்கியது. 1934 ஆகஸ்டு 21ஆம் நாள் அன்றைய மாகாண ஆளுநர் சர் ஜார்ஜ் ஸ்டான்லி அணையைத் திறந்து வைத்தார். நீர்த்தேக்கம் அவர் பெயராலேயே ஸ்டான்லி நீர்த்தேக்கம் எனப்பட்டது. முழு நீர்மட்டம் 120 அடி; கொள்ளளவு 93.47 டி.எம்.சி. காவிரிப் பாசனத்தில் சுமார் 16 இலட்சம் ஏக்கர் நிலம் இந்த அணையை நோக்கி நிற்கிறது. தமிழகத்தின் உணவில் மேட்டூருக்குள்ள பங்கை எவரும் மறுக்க இயலாது.

இது ஒரு முகம். மற்றொரு முகம் நீருக்கடியில் உள்ளது. நீர் தேங்கிய பரப்பில் இருந்த ஊர்களின் மக்கள் மேட்டு நிலங்களுக்கும் வெளியூர்களுக்கும் பெயர்ந்தனர். அவர்கள் விட்டுச் சென்றவற்றுள் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும், கிறித்தவ ஆலயத்தின் கோபுரமும் பண்ணவாடிப் பரிசல் துறைக்கு அருகே நீருக்குள் நிற்கின்றன. அணை நிறைந்திருக்கும் காலத்தில் அவை கண்ணுக்குத் தெரிவதில்லை. நீர்மட்டம் வெகுவாகக் குறையும் ஆண்டுகளில் முதலில் கோபுரமும் பின்னர் நந்தியும் வெளிப்படுகின்றன. அப்போது அவற்றைக் காண மக்கள் வருகின்றனர். வெளிப்பட்ட வண்டல் நிலத்தில் கரையோர உழவர் சோளமும் கேழ்வரகும் விதைக்கின்றனர்.

இதில் உள்ள முரண் எண்ணிப் பார்க்கத்தக்கது. நாளிதழில் நாள்தோறும் வெளிவரும் மேட்டூர் அணை நீர்மட்டத்தைக் கடைமடை உழவர் ஒரு கண்ணால் படிக்கிறார். எண் குறையக் குறைய அவர் நெஞ்சு வாடுகிறது. அதே எண் குறையும்போதுதான் நீருக்குள் இருக்கும் தம் முன்னோர் ஊரின் கோபுரத்தை மேட்டுக்கரையில் வாழும் ஒருவர் காண முடிகிறது. ஒருவருக்குப் பஞ்சம், மற்றவருக்குத் தரிசனம். ஒரே எண்ணுக்கு இரு பொருள். இவ்விருவரில் ஒருவரை மட்டும் பாடும் கவிதை உண்மையில் பாதியை மட்டுமே பாடுகிறது.

எட்டுக் கருப்பொருள், எட்டு இழப்பு

இழந்தது என்ன என்று அரசு கேட்டபோது, அதற்கு விடை அளித்தது 1894ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டம். நிலத்துக்குச் சந்தை விலை. அதன்மேல் நூற்றுக்குப் பதினைந்து ஆறுதல் தொகை. 1984இல் அது நூற்றுக்கு முப்பது ஆயிற்று. 'ஆறுதல்' என்னும் பெயரால் அத்தொகை வழங்கப்பட்டதையும், அதற்கு நூற்றுக்கு இவ்வளவு என்று அளவு வைக்கப்பட்டிருப்பதையும் கவிஞர்கள் கருதிப் பார்க்க வேண்டும். அந்த ஆறுதலும் பட்டா உள்ளவருக்கே உரியது. பிறர் வயலில் கூலிக்கு நடவு செய்தவர், ஆடு மேய்த்தவர், பானை வனைந்தவர், கரையில் பரிசல் ஓட்டியவர் ஆகியோர் நிலத்தின்மேல் வாழ்ந்தனரே அன்றி நிலத்தை உடையவராக இல்லை. அவர்கள் பெயர் இழப்பீட்டுப் பட்டியலில் ஏற வழியில்லாமல் இருந்தது.

தமிழ் மரபு இவ்வினாவுக்கு வேறு விடை தருகிறது. ஒரு நிலத்தைச் சார்ந்த கருப்பொருள் எவை எனத் தொல்காப்பியர் எண்ணும்போது தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் என எட்டைச் சுட்டி, பிறவும் உள என்கிறார். பின்வந்த நம்பியகப்பொருள் அப்பட்டியலைப் பதினான்காக விரித்து, ஊரையும் நீரையும் அதனுள் சேர்க்கிறது. உடைமையாளர் யார் என்ற கேள்விக்கு இப்பட்டியலில் இடமே இல்லை. நிலத்தில் வாழ்ந்த அனைவருக்கும் அதன் தெய்வமும் பறையும் தொழிலும் உரியவை.

இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் மைக்கேல் செர்னியா என்னும் சமூகவியல் அறிஞர், திட்டங்களால் இடம்பெயர்வோர் எதிர்கொள்ளும் இடர்களை ஆராய்ந்து எட்டாக வகுத்தார். நிலமிழத்தல், வேலையிழத்தல், வீடிழத்தல், சமூகத்தில் ஓரங்கட்டப்படுதல், உணவு உறுதியிழத்தல், நோயும் சாவும் மிகுதல், பொதுச் சொத்துகளை இழத்தல், சமூக உறவு சிதறுதல் என்பன அவை. தொல்காப்பியர் எட்டும் செர்னியா எட்டும் எண்ணால் ஒத்திருப்பது தற்செயலே. ஆயின் இருவரும் ஒரே உண்மையைத் தொடுகின்றனர். நிலம் என்பது பரப்பளவு மட்டுமன்று. அதில் பின்னிக் கிடக்கும் உறவுகளின் தொகுதி. செர்னியா பொதுச் சொத்து என்பது மேய்ச்சல் நிலமும் குளமும் காடும். தொல்காப்பியர் தெய்வம் என்பதை ஊர் எல்லைக் காவல் தெய்வமாகவும், பறை என்பதைத் திருவிழா மேளமாகவும் சாவுக் கொட்டாகவும் கொண்டால், செர்னியா சமூகச் சிதறல் என்று சொல்வதன் முழுப்பொருள் விளங்கும். பத்து ஊர்களுக்குப் பிரிந்து போன ஒரு தெருவாருக்கு ஒரே நாளில் காப்புக் கட்ட முடிவதில்லை. சாவு விழுந்தால் சொல்லியனுப்ப வேண்டிய தொலைவு கூடிவிடுகிறது. இவை எந்தப் பட்டியலிலும் ஏறா.

இங்கே திணை இலக்கணம் இன்னொரு செய்தியையும் உணர்த்துகிறது. முல்லையும் குறிஞ்சியும் வேனிலால் தம் இயல்பு திரிந்து பாலை என்னும் வடிவம் கொள்ளும் என்று காட்டினார் இளங்கோவடிகள். பாலைக்கு உரிப்பொருள் பிரிவு. நீரின்மையால் நிலம் பாலையாவது இயற்கை. நீர் மிகுந்து நின்றதனால் ஓர் ஊர் பாலையாவது அணை தந்த புதுமை. மேலே கடல் போல் நீர். அந்த நீரால் விளைந்ததோ பிரிவு. கீழே மருதம் செழிக்க, மேலே ஒரு பாலை பிறக்கிறது. இந்தப் பாலைக்கு இலக்கணம் இன்னும் எழுதப்படவில்லை.

நருமதை காட்டிய பாடம்

இச்சிக்கல் தமிழகத்தோடு நிற்பதன்று. 1998இல் அமைக்கப்பட்ட உலக அணைகள் ஆணையம் 2000 நவம்பரில் தன் அறிக்கையை வெளியிட்டது. உலகெங்கும் பேரணைகளால் இடம்பெயர்ந்தோர் தொகை 4 கோடி முதல் 8 கோடி வரை இருக்கும் என்று அது மதிப்பிட்டது. மதிப்பீட்டின் இரு எல்லைகளுக்கும் இடையே நாலு கோடிப் பேர் உள்ளனர் என்பதே ஒரு செய்தி. இடம்பெயர்ந்தோரை எவரும் சரியாக எண்ணவில்லை என்பதை அந்த இடைவெளி சொல்லாமற் சொல்கிறது.

இந்தியாவில் இடம்பெயர்ந்தோர் குரல் உரக்க ஒலித்தது நருமதைக் கரையில். சர்தார் சரோவர் அணைக்கு 1961இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1979இல் நருமதை நடுவர் மன்றம் அளித்த தீர்ப்பு, நிலத்தில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் இழப்போருக்குப் பணத்துக்கு மாற்றாக நிலமே அளிக்க வேண்டும் என்றும், குடும்பத்துக்குக் குறைந்தது 2 ஹெக்டேர் தர வேண்டும் என்றும் விதித்தது. மேதா பட்கர் முதலியோர் நடத்திய நருமதைப் பாதுகாப்பு இயக்கத்தின் போராட்டத்தால் உலக வங்கி தனி ஆய்வுக் குழு ஒன்றை அமைத்தது; 1993இல் அத்திட்டத்துக்கான கடனுதவி முடிவுக்கு வந்தது. 2000ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் பணியைத் தொடர அனுமதித்தது. 2017இல் அணை நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. போராட்டம் அணையை நிறுத்தவில்லை. ஆனால், இழந்தவரைக் கேளாமல் திட்டம் வகுக்க இயலாது என்னும் எண்ணத்தை நாட்டில் ஊன்றியது.

அத்தீர்ப்பில் ஆலங்குடிப் பகுதியினர் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. நீரில் மூழ்கும் நிலத்தை இழந்தவரையே அது இடம்பெயர்ந்தோர் எனக் கொண்டது. கால்வாய் வெட்டுவதற்காக நிலம் இழந்தவர் அந்த வரையறைக்குள் வரவில்லை. கால்வாயும் ஒரு நீளமான நீர்த்தேக்கமே. அது ஊரை முழுதும் விழுங்குவதில்லை, குறுக்கே அறுத்துச் செல்கிறது. கிணறு ஒரு கரையிலும் வயல் மறு கரையிலுமாகப் போன உழவர் இடம்பெயரவில்லை என்று சொல்வது எளிது. அவர் வாழ்வு இடம்பெயர்ந்துவிட்டது.

2014 சனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த 2013ஆம் ஆண்டின் புதிய சட்டம் இக்குறைகள் பலவற்றைக் களைய முற்பட்டது. ஆறுதல் தொகை நூற்றுக்கு நூறு ஆயிற்று. பட்டா இல்லாத குத்தகையாளரும் விவசாயக் கூலிகளும், உரிய ஆண்டுகள் அந்நிலத்தை நம்பி வாழ்ந்திருந்தால், பாதிக்கப்பட்ட குடும்பத்தினர் ஆயினர். பாசனத் திட்டங்களில் நிலம் இழந்தோருக்கு இயன்றவரை ஆயக்கட்டுப் பகுதியிலேயே குறைந்தது ஓர் ஏக்கர் நிலம் தர வேண்டும் என்றும், நீர்த்தேக்கத்தில் மீன் பிடிக்கும் உரிமை அளிக்கலாம் என்றும் அது கூறுகிறது. 'இயன்றவரை', 'அளிக்கலாம்' என்னும் இரு சொற்களின் எடையை ஊரார் அறிந்து வைத்திருத்தல் நலம்.

இலக்கியம் எழுதிய கணக்கு

மண்ணை விட்டுப் பிரிதலைத் தமிழ் முன்பே பாடியிருக்கிறது. மூவேந்தர் முற்றுகையில் பாரி மாய்ந்த பின், பறம்பை விட்டு அவன் மகளிரோடு வெளியேறிய கபிலரின் பாடல்கள் புறநானூற்றில் உள்ளன. பாரி மகளிர் பாட்டும் உண்டு. அப்பறம்பு இந்த மாவட்டத்தின் அண்டையில் உள்ள பிரான்மலையே என்று கொள்வது வழக்கம். ஆயினும் கபிலருக்கு இருந்த ஓர் ஆறுதல் மேட்டூர் மக்களுக்கு இல்லை. அவர் திரும்பிப் பார்த்த போதெல்லாம் மலை அங்கே நின்றது.

அணையால் பெயர்ந்தோர் வாழ்வைத் தற்காலத்தில் விரிவாகப் பதிந்த தமிழ் நாவல் வைரமுத்துவின் 'கள்ளிக்காட்டு இதிகாசம்'. 1959இல் காமராசர் ஆட்சியில் திறக்கப்பட்ட வைகை அணைக்காக ஊரை இழந்த மக்களின் கதை அது. ஆசிரியரே அவ்வணையால் பெயர்ந்த குடும்பத்தில் பிறந்தவர். 2003ஆம் ஆண்டுக்குரிய சாகித்திய அகாதெமி விருதை அந்நூல் பெற்றது. அணை திறந்ததற்கும் அந்த நாவல் வெளிவந்ததற்கும் இடையே நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கடந்துவிட்டன. அன்று சிறுவனாக இருந்தவர் முதிர்ந்து எழுதும் வரை அக்கதை காத்திருந்தது. அவ்வாறு எழுதும் ஒருவர் வாய்க்காத ஊர்களின் கதை என்ன ஆயிற்று? மேட்டூரில் ஊர் விட்டுப் பெயர்ந்த தலைமுறையின் நினைவு இன்று பேரர்களின் செவிவழிச் செய்தியாகவே எஞ்சியுள்ளது. ஒப்பாரியில் பாடப்பட்ட ஊர்ப் பெயரும் வயற்பெயரும் ஒப்பாரி பாடியவரோடு போய்விட்டன. இலக்கியத்தில் காலந்தாழ்த்துதல் அழிவுக்கு நிகர் என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

வட்டத்தின் முன் உள்ள பணி

பத்தாண்டு நிறைவு என்பது பாராட்டுக்குரிய நாள். அடுத்த பத்தாண்டுக்குப் பணி வகுக்கும் நாளும் ஆகும். இணைப்புக் கால்வாய் இம்மாவட்டத்தின் மேற்குப் பகுதி வழியே செல்கிறது. அதனை ஆதரிப்பதா எதிர்ப்பதா என்று தீர்மானம் இயற்றுவது இலக்கிய வட்டத்தின் வேலையன்று. நீர் வர வேண்டும் என்று விரும்பாத புதுக்கோட்டை உழவர் இருக்க மாட்டார். ஆயின் நீர் வருவதற்கு முன் அக்கோட்டில் என்ன இருந்தது என்பதை எழுதி வைப்பது இலக்கிய வட்டத்தின் வேலையே.

அப்பணி மூன்று வகைப்படும். முதலாவது, பெயர்களைத் தொகுத்தல். ஒவ்வொரு வயலுக்கும் பாறைக்கும் ஊருணிக்கும் ஊரார் வைத்த பெயர் உண்டு. நில அளவை ஆவணத்தில் இருப்பது புல எண் மட்டுமே. நிலம் எண்ணாக மாறிய பின் பெயர் நிலைக்காது. இரண்டாவது, பாடல்களைப் பதிவு செய்தல். நடவுப் பாட்டு, கும்மி, ஒப்பாரி ஆகியவற்றில் இடப்பெயர்களும் தெய்வப்பெயர்களும் பொதிந்து கிடக்கின்றன. அவற்றைப் பாடுவோர் பெரும்பாலும் முதிய பெண்டிர். பட்டாவில் அவர்கள் பெயர் இராது. பாட்டிலோ ஊர் முழுதும் இருக்கும். மூன்றாவது, இரு கரையையும் பாடுதல். கடைமடையில் நீர் வந்த நாளின் மகிழ்ச்சியைப் பாடும் கவிஞர், தலைமடையில் ஊர் விட்டவரின் கதையையும் அதே பாட்டில் அறிந்து பாடுதல் வேண்டும். துயரத்தைப் பாடுவோரும் அந்நீரால் பசியாறியவரை மறத்தல் ஆகாது. ஒருபக்கம் சாய்ந்த பாட்டு மேடைக்கு உதவும், வரலாற்றுக்கு உதவாது.

இதனைத் தொடங்கப் பெரும்பொருள் வேண்டியதில்லை. திங்கள்தோறும் கூடும் கூட்டங்களில் ஆண்டுக்கு ஒன்றையேனும் இவ்வரங்கை விட்டு, நிலம் எடுக்கப்படும் ஊர்களில் ஒன்றில் நடத்தலாம். அங்கே கவிஞர்கள் பாடுவதற்கு முன் ஊரார் பேசட்டும். அவர்கள் சொல்லும் பெயர்களை உறுப்பினர் ஒருவர் குறிப்பேட்டில் எழுதட்டும். அப்பெயர்களோடு வட்டத்தின் அடுத்த மலர் வெளிவருமாயின், மேட்டூருக்குச் செய்யத் தவறியதைப் புதுக்கோட்டைக்கேனும் செய்ததாக அது அமையும்.